இரண்டு நாள் ரிப்போர்ட்டும் மூன்று வார பென்டெஸ்ட்டும் ஒன்றா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: "நாங்கள் இயந்திர உதிரிபாகங்களை மொத்தமாக விற்கிறோம். டீலர்கள் ஆர்டர் போடவும் இன்வாய்ஸ் பார்க்கவும் ஓர் இணையதளம் இருக்கிறது. அலுவலகத்தில் சுமார் 60 கம்ப்யூட்டர்கள். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், பென்டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம் என்கிறார். இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டோம். ஒருவர் இரண்டே நாளில் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் மூன்று வாரம் ஆகும் என்று ஐந்து மடங்கு பணம் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதானா? நம் கம்பெனியை ஹேக் செய்யச் சொல்லி நாமே பணம் கொடுப்பது சட்டப்படி சரியா?"

இரண்டும் ஒன்றல்ல. பென்டெஸ்ட் என்றால், உங்கள் அனுமதியோடு ஒருவர் ஹேக்கரைப் போல உள்ளே நுழைய முயன்று ஓட்டைகளைக் கண்டுபிடிப்பது. முதலாமவர் தரப்போவது ஸ்கேன், அதாவது ஒரு மென்பொருள் தானாகவே தேடித் தரும் பட்டியல். இரண்டாமவர் சொல்வது உண்மையான பென்டெஸ்ட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். விலை கூடுதல் என்பதற்காகவே அப்படி நம்பிவிடவும் வேண்டாம். எப்படிச் சரிபார்ப்பது என்று கீழே சொல்கிறேன். பல வருடங்களாக இதே வேலையில் இருக்கிறேன். ஸ்கேனர் துப்பிய பக்கங்களுக்கு ஓர் அட்டை போட்டு, பென்டெஸ்ட் என்று பெயர் வைத்து விற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. வாங்கியவர் அதை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். சோதனையே செய்யாதவருக்காவது கொஞ்சம் பயம் மிச்சமிருக்கும்.

ஸ்கேனர் செய்யும் வேலை இதுதான். உங்கள் சர்வரில் எந்தெந்த போர்ட் (வெளியிலிருந்து இணையும் வாசல்) திறந்திருக்கிறது, எந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று பார்க்கும். அந்தப் பதிப்பில் ஏற்கெனவே தெரிந்த ஓட்டைகள் இருக்கின்றனவா என்று ஒரு பெரிய பட்டியலோடு ஒப்பிடும். தேவையான வேலைதான், மாதாமாதம் செய்யவேண்டியதும்கூட. நாங்களும் முதல் நாள் என்மேப் என்ற ஸ்கேனரில்தான் ஆரம்பிப்போம். ஆனால் உங்கள் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது ஸ்கேனருக்குத் தெரியாது. ஒரு டீலருக்குக் கொடுத்த விலை பக்கத்து ஊர் டீலருக்குத் தெரியக்கூடாது என்பது அதற்கு எப்படிப் புரியும்?

உங்களைப் போலவே டீலர் தளம் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். சோதனைக்காக எங்களுக்கு ஒரு டீலர் லாகின் கொடுத்திருந்தார்கள். உள்ளே போய், அந்த டீலரின் பழைய இன்வாய்ஸ் ஒன்றைத் திறந்தேன். பிடிஎஃப் வந்தது. பிரவுசரிலிருந்து சர்வருக்கு என்ன போகிறது என்பதை பர்ப் சூட் என்ற கருவியில் நிறுத்திப் பார்க்கலாம். அனுப்பிய வரியின் கடைசியில் 18842 என்று ஓர் எண் இருந்தது. அதை 18841 என்று மாற்றி அனுப்பினேன். வேறொரு டீலரின் இன்வாய்ஸ் வந்து நின்றது. அவருடைய பெயர், ஜிஎஸ்டி எண், வாங்கிய சரக்கு, அவருக்கு மட்டும் கொடுத்திருந்த தள்ளுபடி சதவீதம் எல்லாம் அதில் இருந்தன. 18840 போட்டால் இன்னொருவருடையது. ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் அந்த நிறுவனத்தின் மொத்த விற்பனைக் கணக்கும் கையில் வந்துவிடும். லாகின் செய்திருக்கிறாரா என்று சர்வர் பார்த்தது. இந்த இன்வாய்ஸ் இவருடையதா என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தளத்துக்கு அதே வருடம் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. அதில் இது இல்லை, இருக்கவும் முடியாது. சர்வரைப் பொறுத்தவரை, கேட்ட பக்கத்தை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறது. ஸ்கேனர் கண்ணுக்கு அதில் தப்பு எதுவும் இல்லை. இது அபூர்வமான குறையும் அல்ல. இணையப் பயன்பாடுகளின் பெரிய ஆபத்துகளை ஒவாஸ்ப் அமைப்பு வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. அதன் 2021 பட்டியலில் முதலிடம் இந்த வகைக்குத்தான்: ஒருவர் பார்க்கக்கூடாததைப் பார்க்க முடிவது, செய்யக்கூடாததைச் செய்ய முடிவது. நிறுவனத்தின் உரிமையாளரிடம் திரையைக் காட்டினேன். தொழில்நுட்பம் எதையும் அவர் கேட்கவில்லை. "அப்போ நான் யாருக்கு எவ்வளவு டிஸ்கவுண்ட் தர்றேன்னு எல்லாருக்கும் தெரியுமா?" என்றுதான் கேட்டார். சரியான கேள்வி. அந்தச் சரிபார்ப்பைச் சேர்க்க, தளத்தை எழுதியவருக்கு ஒரு மதியம்தான் ஆனது.

அதனால் உங்கள் தளத்துக்குச் சோதனை வைக்கும்போது இரண்டு டீலர் லாகின்களும், குறைந்த அதிகாரம் உள்ள ஓர் ஊழியர் லாகினும் கொடுங்கள். ஒரு டீலராக நுழைந்து இன்னொரு டீலரின் தகவலைத் தொட முடிகிறதா, ஊழியர் லாகினிலிருந்து மேலாளர் செய்யவேண்டிய வேலையைச் செய்ய முடிகிறதா என்று பார்ப்பதுதான் அந்த மூன்று வாரத்தில் பெரும்பகுதி. ஆர்டரில் எண்ணிக்கை 5 என்ற இடத்தில் -5 போட்டால் மொத்தத் தொகை குறைகிறதா, கடன் வரம்பைத் தாண்டியும் ஆர்டர் போகிறதா என்பதையெல்லாம் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துத்தான் முயன்று பார்க்க வேண்டும். லாகின் எதுவும் கேட்காமல் "முகவரியை மட்டும் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், தளத்தின் வாசலோடு திரும்பிவிடப்போகிறார் என்று பொருள்.

ஸ்கேனை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். மக்களின் கடன் வரலாற்றை வைத்திருக்கும் நிறுவனம் அது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது அந்த வருடம் மார்ச் 7ஆம் தேதி வெளியே வந்தது, அதை அடைக்கும் திருத்தமான பேட்ச்சும் வந்தது. 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடச் சொல்லி நிறுவனத்துக்குள் மின்னஞ்சல் போனது. மார்ச் நடுவில் ஸ்கேனும் ஓட்டினார்கள். ஸ்கேன் எதையும் காட்டவில்லை. வாடிக்கையாளர்கள் புகார் பதிவு செய்யும் ஒரு பழைய தளத்தில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. மே மாதத்தில் அதன் வழியாக நுழைந்தார்கள். உள்ளே பூட்டாமல் வைத்திருந்த பயனர்பெயர், பாஸ்வேர்டுகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு அந்தத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குப் போனார்கள். நெட்வொர்க்கில் போய்வரும் தகவல் போக்குவரத்தைக் கண்காணிக்க ஒரு கருவி இருந்தது. அதன் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியும் யாரும் புதுப்பிக்கவில்லை, அதனால் அது எதையும் பிரித்துப் பார்க்க முடியாமல் கிடந்தது. ஜூலை கடைசியில் புதுப்பித்ததும் சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போய்விட்டன.

நுழைந்த வாசல் ஒன்றுதான். அதற்குப் பின்னால் வரிசையாக நடந்தவைதான் இழப்பை இவ்வளவு பெரிதாக்கின. ஓர் ஓட்டை கிடைத்ததும் நல்ல பென்டெஸ்டர் அங்கே நிற்க மாட்டார். இங்கிருந்து எங்கே போகலாம், போவது யாருக்காவது தெரிகிறதா என்று பார்ப்பார்.

உங்கள் அலுவலகத்தின் 60 கம்ப்யூட்டர்களுக்கும் இது பொருந்தும். வாடிக்கையாளர் தளத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டிருப்பார். ஆனாலும் முடிந்தால் அலுவலக நெட்வொர்க்கையும் ஒரு முறை சோதியுங்கள். நான் ஒவ்வொரு முறையும் முதலில் செய்வதைச் சொல்கிறேன். பார்வையாளர் அறையில் இருக்கும் நெட்வொர்க் வயரில் என் லேப்டாப்பைச் செருகிவிட்டுக் காத்திருப்பேன். யாராவது ஒருவர் பகிர்வு ஃபோல்டரின் பெயரை ஓர் எழுத்து தப்பாக அடிப்பார், அல்லது எப்போதோ கழற்றிவிட்ட சர்வரை அவருடைய கம்ப்யூட்டர் இன்னும் தேடிக்கொண்டிருக்கும். பெயருக்கு விடை கிடைக்காவிட்டால், விண்டோஸ் அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோரிடமும் "இந்தப் பெயர் யாருடையது?" என்று கேட்கும். எல்எல்எம்என்ஆர் என்ற பழைய ஏற்பாடு அது. என் லேப்டாப் "நான்தான்" என்று சொல்லும். அந்தக் கம்ப்யூட்டர் நம்பி லாகின் செய்ய முயலும். பாஸ்வேர்டு நேரடியாக வராது. பாஸ்வேர்டை வைத்துக் கணக்கிட்ட ஒரு நீளமான எழுத்துக்கோவை வரும். அதை எடுத்துக்கொண்டு, லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் நிரலை ஓடவிட வேண்டும்.

பாஸ்வேர்டு பல இடங்களில் இப்படித்தான் இருக்கும்: நிறுவனத்தின் பெயர், ஒரு @, அப்புறம் வருடம். பெரிய எழுத்து, குறி, எண் எல்லாம் இருப்பதால் பாஸ்வேர்டு விதி இதை ஏற்றுக்கொள்ளும். எங்கள் பட்டியலிலும் இந்த அமைப்புதான் முதலில் இருக்கும். ஒரு தடவை டீ குடித்துவிட்டு வருவதற்குள் விடை வந்துவிட்டது. அந்த ஊழியருக்குத் தன் கம்ப்யூட்டரில் அட்மின் உரிமை இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டு ஒன்றே. அவற்றில் ஒன்றில், மொத்த நெட்வொர்க்குக்கும் அதிகாரம் கொண்ட பேக்கப் கணக்கு லாகின் ஆகியிருந்தது. அன்று மாலைக்குள் கணக்கு சர்வரும் பேக்கப்பும் எங்கள் கையில் இருந்தன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் தேடுவதும் இந்தப் பாதையைத்தான். பேக்கப்பை முதலில் அழித்துவிட்டுத்தான் மற்றதைப் பூட்டுவார்கள்.

இதைச் சரிசெய்யப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து அமைப்புகளை மாற்றும் விண்டோஸின் க்ரூப் பாலிசியில், எல்எல்எம்என்ஆரை ஒரே இடத்தில் நிறுத்தலாம். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் அட்மின் பாஸ்வேர்டை வேறாக்க மைக்ரோசாஃப்ட்டே இலவசமாக லாப்ஸ் என்ற கருவியைத் தருகிறது. பேக்கப்பின் ஒரு பிரதி நெட்வொர்க்கோடு ஒட்டாமல் தனியாக இருக்கட்டும்.

சரி, சட்டம். எழுத்துப்பூர்வமான அனுமதி இருந்தால் இந்த வேலை முழுக்கச் சட்டப்படியானது. இல்லாவிட்டால் குற்றம். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதைப் பற்றித்தான் பேசுகிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பே "உங்கள் தளத்தைச் சும்மா பார்த்தேன், இந்த ஓட்டைகள் இருக்கின்றன" என்று நுழைந்து பார்த்துவிட்டு வருபவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அனுமதி என்பதன் பொருள் அவருக்குப் புரியவில்லை.

அனுமதி இருந்தும் சிக்கல் வரலாம். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் 2019இல் நடந்தது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாநில நீதித்துறை நிர்வாகம், நீதிமன்றக் கட்டடங்களுக்குள் நுழைய முடிகிறதா என்று சோதிக்கச் சொல்லி கோல்ஃபயர் என்ற பென்டெஸ்ட் நிறுவனத்தை அமர்த்தியிருந்தது. செப்டம்பர் 11ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, ஏடல் என்ற ஊரில் டாலஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றத்துக்குள் அதன் ஊழியர்கள் இருவர் நுழைந்தார்கள். அலாரம் அடித்தது. அவர்கள் ஓடவில்லை, போலீஸ் வரும்வரை இருந்து அனுமதிக் கடிதத்தைக் காட்டினார்கள். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃப் வந்தார். கட்டடம் கவுண்டிக்குச் சொந்தம், மாநிலம் எப்படி அனுமதி கொடுக்கலாம் என்றார். இருவரும் திருட்டு நுழைவு வழக்கில் சிறைக்குப் போனார்கள். எந்த நேரத்தில் சோதிக்கலாம் என்பதில் ஒப்பந்தத்தின் தாள்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது பிறகு தெரியவந்தது. எல்லா வழக்கும் கைவிடப்பட 2020 ஜனவரி ஆனது. சொன்ன வேலையைச் செய்யப்போன இரண்டு பேர் அந்த நான்கு மாதங்கள் குற்றவாளிப் பட்டத்தோடு இருந்திருக்கிறார்கள்.

உங்களிடமும் இதே கேள்வி இருக்கிறது: உங்கள் தளம் யாருடைய சர்வரில் இருக்கிறது? கிளவுட் (இன்னொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த சர்வர்) என்றால் அந்த நிறுவனத்தின் விதியைப் படியுங்கள். உதாரணமாக, அமேசான் கிளவுடில் உங்கள் பெயரில் இருக்கும் குறிப்பிட்ட சில சேவைகளை முன்அனுமதி கேட்காமலே சோதிக்கலாம், ஆனால் சர்வரைத் திணறடித்து விழவைக்கும் சோதனையை அப்படிச் செய்ய முடியாது. சின்ன ஹோஸ்டிங் நிறுவனம் என்றால், ஒரே சர்வரில் உங்களோடு இன்னும் பல பேர் இருக்கலாம். அவர்களிடம் எழுதி வாங்குங்கள். பணம் செலுத்தும் பக்கம், பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்துடையது, அதைத் தொடக்கூடாது. இவையெல்லாம் ஸ்கோப் என்ற தாளில் வரவேண்டும்: எந்த முகவரிகள், எந்த ஐபிகள், எந்தத் தேதி, எந்த நேரம், எதைத் தொடக்கூடாது, ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்கலாமா, எடுத்த தகவலை எப்போது அழிப்பார்கள், இரவு 2 மணிக்கு ஏதாவது விழுந்தால் இரு பக்கமும் யாருடைய போன் எடுக்கப்படும். கையெழுத்து நிறுவனத்தை நடத்துபவருடையதாக இருக்கட்டும். ஐடி ஊழியர் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது.

போன் எண்ணை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு கிடங்கு நெட்வொர்க்கை ஸ்கேன் செய்தேன். பிரிண்டர்கள் 9100 என்ற போர்ட்டில் வந்ததையெல்லாம் அச்சடிக்கும். கிடங்கின் பில் பிரிண்டர் என் ஸ்கேனை வாங்கி, அர்த்தமில்லாத எழுத்துகளைப் பக்கம் பக்கமாக அச்சடித்துக்கொண்டே இருந்தது. வெளியே லாரிகள் பில்லுக்காக நின்றன. யாரிடம் சொல்வதென்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு போன் எண் எழுதாத ஸ்கோப்பில் நான் வேலை தொடங்கியதே இல்லை. நீங்களும் சோதனைக்கு முன்பு பேக்கப் எடுத்து, அதை ஒரு முறை திரும்ப ஏற்றிப் பார்த்துவிடுங்கள். மாதக் கடைசியில் தேதி கொடுக்காதீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நிறுவனத்தின் பெயரைவிட, உட்கார்ந்து வேலை செய்யப்போகும் ஆள் யார் என்று கேளுங்கள். சான்றிதழ்களில் ஓஎஸ்சிபி போன்றவை செய்முறைத் தேர்வு. 23 மணி 45 நிமிடத்துக்குள், தேர்வுக்காக அமைத்த கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்து காட்டி, அப்புறம் 24 மணி நேரத்தில் ரிப்போர்ட்டும் எழுத வேண்டும். கேள்விக்கு விடையை டிக் அடிக்கும் தேர்வைவிட அது மேல். உங்கள் வாடிக்கையாளர், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள நிறுவனம்தான் வேண்டும் என்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பிறகு தெரிந்தால் இரண்டு முறை செலவு. பெயர்களை மறைத்த பழைய ரிப்போர்ட் ஒன்றை இரண்டு நிறுவனங்களிடமும் கேளுங்கள். அதில் ஒரு குறையை எடுத்துப் படித்துப் பாருங்கள். எந்தப் படியில் என்ன செய்தார்கள், திரையில் என்ன வந்தது, உங்கள் வியாபாரத்துக்கு அதனால் என்ன நஷ்டம், எப்படிச் சரிசெய்வது என்று உங்களுக்கே புரிகிற மாதிரி இருந்தால் நல்ல ஆள். குறைக்குக் குறை 7.5, 9.8 என்று ஆபத்தின் அளவைப் பத்துக்குச் சொல்லும் எண்ணும் ஒரே மாதிரியான நான்கு வரியும் மட்டும் இருந்தால் அது ஸ்கேனர் எழுதியது.

விலையில் ரீடெஸ்ட் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சொன்ன குறைகளை நீங்கள் சரிசெய்த பிறகு அவர் திரும்ப வந்து அதே வழியில் நுழைய முயல வேண்டும். சரிசெய்துவிட்டோம் என்று சொன்னவற்றில் பாதிதான் சரியாகியிருந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்வாய்ஸ் பக்கத்தைப் பூட்டியிருப்பார்கள், மொபைல் ஆப் பயன்படுத்தும் அதே வழி திறந்தே கிடக்கும்.

சோதனை முடிந்ததும் அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. அவர் எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எங்கிருந்து நுழைந்தார் என்ற குறிப்பை வாங்கி, உங்கள் சர்வர் லாகில் (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவேட்டில்) அது பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் ஐடி ஆளைத் தேடச் சொல்லுங்கள். செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, யாராவது அனுமதியில்லாமல் நுழைந்த சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். நுழைந்ததே தெரியாத இடத்தில் 6 மணி நேரம் எப்போது ஆரம்பிக்கும்? பல இடங்களில் லாக் இரண்டு நாளில் தன்னைத்தானே அழித்துக்கொள்வது இந்தத் தேடலில்தான் தெரியவருகிறது.

பணம் கொடுப்பதற்கு முன்பு, இந்த வாரமே நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வேலையை விட்டுப் போனவர்களின் லாகின்களை மூடுங்கள். மின்னஞ்சலுக்கும் தளத்தின் அட்மின் பக்கத்துக்கும், பாஸ்வேர்டோடு ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பைப் போடுங்கள். நிலுவையில் இருக்கும் பேட்ச்களைப் போடுங்கள். உங்களுக்கே தெரிந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க இன்னொருவருக்கு நாள் கணக்கில் கூலி கொடுக்கக்கூடாது. அந்த நாட்கள் இன்வாய்ஸ் எண் போன்றவற்றுக்குப் போகட்டும். பட்ஜெட் போதவில்லை என்றால் மூன்று வாரம் கேட்பவரிடமே பேசி, டீலர் தளத்தை மட்டும் இப்போது, அலுவலக நெட்வொர்க்கை அடுத்த நிதியாண்டில் என்று பிரித்துக்கொள்ளலாம். ஸ்கோப்பைக் குறைப்பது தவறில்லை. ஆழத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

கடைசியாக உங்கள் வாடிக்கையாளர் விஷயம். ரிப்போர்ட் வந்ததும் முழுசாக அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடாதீர்கள். எந்த வழியாக எப்படி உள்ளே வரலாம் என்று படம் போட்டு விளக்கிய ஆவணம் அது. எத்தனை பேரின் இன்பாக்ஸில் போய் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாது. எதைச் சோதித்தோம், எந்தத் தேதியில், எத்தனை குறைகள் இருந்தன, ரீடெஸ்ட்டில் எத்தனை மூடப்பட்டன என்று சொல்லும் இரண்டு பக்கச் சான்றுக் கடிதம் ஒன்றைச் சோதித்த நிறுவனமே தரும். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு அதுவே போதும். அதற்கு மேலும் கேட்டால், நேரில் அல்லது திரைப்பகிர்வில் காட்டலாம். அந்தக் கடிதமும் சேர்த்துத்தான் விலையா என்று இப்போதே, கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.